இலவசத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

முன்பு காசு கொடுத்து வாங்கிய வரைபடம், கலைக்களஞ்சியம், கேமரா எல்லாம் இன்று போனுக்குள் இலவசமாக இருக்கின்றன. விலை இல்லாததால் இவை ஜிடிபியில், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில், வருவதில்லை. அப்படியென்றால் புள்ளிவிவரம் சொல்வதைவிட நாம் எல்லோரும் பல மடங்கு பணக்காரர்கள்தானே? ஜிடிபியைத் தூக்கிப் போட்டுவிட்டு இலவசச் சேவைகளின் பயனையும் சேர்த்துக்கொள்ளும் ஜிடிபி-பி போன்ற புதிய அளவீடுகளுக்கு மாறினால் என்ன? செயற்கைக்கோளில் தெரியும் இரவு வெளிச்சத்தை வைத்து வளர்ச்சியை அளப்பது பற்றியும் எழுத வேண்டும். நான் பொருளியல் மாணவன்.

வி.

அன்புள்ள வி.,

சில நாட்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுதுகிறேன். 'நாம் எல்லோரும் பணக்காரர்கள்' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜிடிபியைத் தூக்கிப் போடும் பேச்சு வேண்டாம். ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானக் கணக்கிலிருந்து ஊகிக்க முடியாது என்று, அந்தக் கணக்குக்கு அடித்தளம் போட்ட சைமன் குஸ்நெட்ஸே 1934-ல் அமெரிக்கக் காங்கிரசுக்குத் தந்த அறிக்கையில் எழுதிவிட்டார். அது அளப்பதை அளக்கட்டும்.

நீங்கள் சொல்லும் ஜிடிபி-பி, பொருளியலாளர் எரிக் பிரின்யோல்ஃப்சனும் அவருடைய சகாக்களும் முன்வைத்தது. ஒரு சேவையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு எவ்வளவு பணம் தரவேண்டும் என்று கேட்பதுதான் அதன் அடிப்படை. ஓராண்டு தேடுபொறி இல்லாமல் இருக்க, 2017-ல் அமெரிக்கர்களிடம் கிடைத்த இடைநிலை மதிப்பு (பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் கீழே) 17,530 டாலர். சரி, அந்த டாலர் யார் கையில் இருக்கிறது? அதை வைத்து வாடகை கொடுக்க முடியுமா? வேலை போனவனிடம் போய், உன் போனில் தேடுபொறி இருக்கிறது, நீ பணக்காரன் என்று சொல்வீர்களா?

இன்னொன்று. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், நான்கு வாரம் டிக்டாக்கை விட்டு விலகி இருக்கச் சராசரியாக 59 டாலர் கேட்டார்கள். கூடப் படிப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து விலகுவார்கள் என்றால்? அதற்குத் தாங்களே 28 டாலர் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். ஜிடிபி-பி பாணியில் கேட்டால் அந்த 59 நலனாகக் கணக்கில் ஏறும். வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் தொகைக்கு நலன் என்று எப்படிப் பெயர் வைப்பது?

ஆனால் என் உண்மையான வருத்தம் வேறு. கலைக்களஞ்சியம் என்றீர்களே. பிரிட்டானிகா 2012-ல் அச்சை நிறுத்தியது. அதை எழுதியவர், அச்சடித்தவர், விற்றவர் எல்லோருடைய ஊதியமும் கணக்கில் இருந்தது. விக்கிப்பீடியாவை எழுதுகிறவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

என் நண்பர் ஒருவர் அதில் பறவைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பறவை எத்தனை நாள் அடைகாக்கும் என்பதில் இரண்டு புத்தகங்கள் முரண்பட்டன. நூலகத்தில் மூன்றாவது புத்தகத்தைத் தேடிப் பிடித்து, பக்கத்தை நகலெடுத்து வந்து, மூன்றையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தார். அப்புறம் கட்டுரையில் ஒரே ஓர் எண்ணை மாற்றினார், அடிக்குறிப்பில் பக்க எண்ணோடு. வேலை இழந்திருந்த மாதங்களில்தான் அவர் அதிகம் எழுதினார். வீட்டுக்கு வந்த உறவினர்கள் அவர் காதுபடவே 'சும்மாதானே இருக்கான்' என்பார்கள். புள்ளிவிவரமும் அதையேதான் சொல்லியிருக்கும். நீங்கள் இலவசம் என்கிறீர்களே, அது அவருடைய தூக்கம் ஐயா.

இது இணையம் வந்த பிறகு முளைத்த தவறும் இல்லை. வீட்டுவேலை செய்யும் பெண்ணை அவளுடைய முதலாளி திருமணம் செய்துகொண்டால், அவள் சம்பளம் நின்றுபோவதால், தேசிய வருமானம் குறைந்துவிடும் என்று பொருளியலாளர் பிகு காட்டி நூறாண்டு தாண்டிவிட்டது. குஸ்நெட்ஸ் அறிக்கை வந்த அதே 1934-ல் பொருளியலாளர் மார்கரெட் ரீட் ஓர் எளிய சோதனையைத் தந்தார்: காசு கொடுத்து இன்னொருவரைச் செய்யவைக்க முடிகிற வேலை என்றால் அது உற்பத்திதான். சமையல், குழந்தை வளர்ப்பு, நோயாளியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இந்தச் சோதனையில் தேறும். வங்கி எழுத்தர் செய்த வேலையை இன்று நீங்களே போனில் செய்கிறீர்களே, அதுவும் தேறும். எழுத்தரின் சம்பளம் கணக்கிலிருந்து போய்விட்டது. உங்கள் அரைமணி நேரம் உள்ளே வரவில்லை.

2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட புதிய தேசியக் கணக்கு முறையில் (நாடுகள் ஜிடிபியைக் கணக்கிடப் பின்பற்றும் விதிகள் அவை) தரவு ஒரு சொத்தாக இடம்பிடித்துவிட்டது. நிறுவனம் சேர்த்துவைத்திருக்கும் தரவுக்கு மையக் கணக்கில் இடம் உண்டு. கூலியில்லாத வீட்டு உழைப்புக்கு இன்னும் துணைக் கணக்குதான். தரவுக்கு மதிப்புப் போட வழி கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களுக்கு, இத்தனை ஆண்டுகளாக இதற்கு மட்டும் ஏன் வழி கிடைக்கவில்லை?

நீங்கள் மாணவர், வயது இருக்கிறது. ஜிடிபி-பி கட்டுரைகளைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நேரப் பயன்பாட்டு ஆய்வுகளைப் படியுங்கள். யாருடைய எத்தனை மணி நேரம் எதில் போகிறது என்று கேட்கும் அலுப்பான படிவங்கள் அவை. அங்கே உட்கார்ந்து வேலை செய்ய ஆள் வேண்டும்.

இரவு வெளிச்சம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல முறைதான், புள்ளிவிவரம் சரியில்லாத நாடுகளுக்கு உதவும். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அன்புடன்.