மகள் மன்றம் மன்றமாகச் சுற்றுகிறாள் என்று கவலைப்படும் அம்மாவுக்கு

அம்மா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு. உங்கள் மகளை மன்ற வேலைகளிலிருந்து மொத்தமாக வெளியே இழுக்க வேண்டாம். ஆனால் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), தமிழ் மன்றம், இயற்கை மன்றம், புகைப்படக் குழு என்று நான்கில் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்கிறீர்களே, அதில் ஒன்றை இந்த செமஸ்டரோடு விட்டுவிடச் சொல்லுங்கள். எதை விடுவது என்பது அவள் முடிவாக இருக்கட்டும்.

அந்த நான்கில் என்.எஸ்.எஸ்.ஸைக் கணக்கில் எடுக்காதீர்கள். அவள் படிக்கும் பி.எஸ்சி. ஆனர்ஸ் வேளாண்மையில் என்.எஸ்.எஸ். அல்லது என்.சி.சி. (தேசிய மாணவர் படை) என்பது ஐ.சி.ஏ.ஆர். என்ற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வகுத்த பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, இரண்டில் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கிராமத்தில் குளம் தூர்வாரப் போனாள் என்று நீங்கள் கோபப்பட்டது, அவள் கணிதத்துக்கோ மண்ணியலுக்கோ வகுப்புக்குப் போனாள் என்று கோபப்படுவது மாதிரிதான். என்.எஸ்.எஸ். சான்றிதழுக்கு இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஒரு 7 நாள் சிறப்பு முகாமும் முடிக்க வேண்டும். அந்த முகாமுக்கு அனுமதிக் கடிதம் வரும்போது தயவுசெய்து மறுக்காமல் கையெழுத்துப் போடுங்கள். திட்ட அலுவலராக இருக்கும் ஆசிரியர் கூடவே இருப்பார், மாணவிகள் எங்கே தங்குகிறார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. "விவசாயம் படிக்க அனுப்பினால் மேடையேறி கவிதை படிக்கிறாள், இதனால் வேலை கிடைக்குமா?" கவிதையால் வேலை கிடைக்காது, அதை நான் மழுப்பப் போவதில்லை. டி.என்.பி.எஸ்.சி. வேளாண் அலுவலர் தேர்வின் எழுத்துத் தாளில் எந்த மன்றச் சான்றிதழும் அரை மார்க் கூடத் தராது. ஐ.சி.ஏ.ஆர். முதுநிலை நுழைவுத் தேர்விலும் அப்படித்தான். வங்கிகளுக்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் வேளாண் கள அலுவலர் தேர்வில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில் இறுதி மதிப்பெண் போடுகிறார்கள். அந்த 20-இல்தான் மன்ற வாழ்க்கைக்கு ஏதாவது இடம் இருக்கிறது. வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டின் கிரேடு ஏ அதிகாரித் தேர்விலும் நேர்முகம் உண்டு. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் உணவு-வேளாண் வணிக மேலாண்மைப் படிப்பு, வேளாண் விரிவாக்க மேலாண்மைக்கான ஹைதராபாத் மேனேஜ் நிறுவனம், குஜராத்தின் ஆனந்தில் இருக்கும் ஊரக மேலாண்மை நிறுவனமான இர்மா, இந்த மாதிரி இடங்களுக்குப் போக நினைத்தால் நேர்முகத்தின் எடை இன்னும் கூடும்.

ஆனால் வேலை கிடைப்பது ஒன்று, கிடைத்த வேலையைச் செய்வது இன்னொன்று. வேளாண்மை படித்தவர் கடைசியில் உட்காரும் நாற்காலிகளை யோசித்துப் பாருங்கள். வட்டாரத்தில் இருக்கும் வேளாண் விரிவாக்க மையம், பயிர்க் கடனும் கிசான் கிரெடிட் கார்டும் பார்க்கும் வங்கிக் கிளை, வயல் விழா நடத்தி ரகத்தை விற்கும் விதைக் கம்பெனி, வேளாண் அறிவியல் நிலையம். எல்லா இடத்திலும் வேலையின் பாதி, தன்னைவிட முப்பது வயது மூத்த ஒரு விவசாயியிடம், அவர் பாட்டன் காலத்திலிருந்து செய்துவரும் ஒன்றை மாற்றச் சொல்லிப் பேசுவது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது லேசான வேலை இல்லை. 1960-களில் தஞ்சைப் பக்கத்தில் ஆடுதுறை 27 நெல்லை விவசாயிகள் திருச்சி வானொலியில் கேட்டுக் கேட்டுத்தான் பயிரிட்டார்கள், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வந்துவிட்டது. ரகம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதை ஊருக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்ல வேண்டும்.

உங்கள் மகளுக்கு இந்தச் சோதனை வேலைக்குப் போன பிறகு வராது, ஏழாவது செமஸ்டரிலேயே வந்துவிடும். ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம், மாணவர்கள் சுருக்கமாக 'ராவே' என்பார்கள். குழுவாக ஒரு வட்டாரத்துக்குப் போய்த் தங்க வேண்டும். தெருவில் கோலப்பொடியால் ஊரின் வள வரைபடம் போட்டு, ஊர்க்காரர்களைச் சுற்றி உட்கார வைத்துப் பேச வேண்டும். சூடோமோனாஸ் வைத்து விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டும் பொறி, அசோலா வளர்ப்பு என்று செயல்விளக்கம் காட்ட வேண்டும். "வேளாண் கல்லூரி மாணவிகள் விவசாயிகளுக்குச் செயல்விளக்கம்" என்று மாவட்டச் செய்திப் பக்கத்தில் படம் பார்த்திருப்பீர்களே, அது இதுதான். அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள், எட்டுப் பேர் நிற்பார்கள், ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டிருப்பாள். அந்த ஒருத்தி பெரும்பாலும் முதலாண்டிலிருந்து ஏதோ ஒரு மன்றத்தில் மைக் பிடித்தவளாக இருப்பாள். "அதெல்லாம் சரிம்மா, விளைஞ்சா யாரு எடுப்பா, என்ன விலைக்கு எடுப்பா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்கும்போது சிரித்துக்கொண்டே சமாளிக்கத் தெரிய வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் தெரிய வேண்டும். இதைப் பாடப்புத்தகத்தில் கற்க முடியாது, தமிழ் மன்றப் பட்டிமன்றத்தில் கற்கலாம். ஆகவே தமிழ் மன்றத்தை நான் உங்களைப் போல வீண் என்று நினைக்கவில்லை. கவிதையைவிடப் பேச்சுப் பக்கம் கொஞ்சம் அதிகம் போகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், சான்றிதழ்களின் எண்ணிக்கையை வைத்து எதையும் எடை போடாதீர்கள். நேர்முகத்துக்குத் தயார் செய்ய என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ் வைத்திருப்பார்கள். என்.எஸ்.எஸ்.ஸில் என்ன செய்தாய் என்று கேட்டால் "மரம் நட்டோம் சார்" என்பார்கள். எத்தனை மரம், என்ன மரம், ஏன் அந்த மண்ணுக்கு அந்த மரம், எத்தனை பிழைத்தது, யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டால் முகம் வாடிவிடும். வேளாண் பட்டதாரியிடம் இதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? மாறாக, "நட்டதில் பாதி செத்துவிட்டது, கோடையில் நட்டது தப்பு, மறு வருஷம் புரட்டாசி மழைக்கு முன்னால் குழி எடுத்து வைத்து நட்டோம்" என்று சொல்கிற பிள்ளையை எந்தக் குழுவும் மேலும் பேச விடும். ஆகவே உங்கள் மகளிடம் ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி, இடம், செய்த வேலை, கெட்டுப்போனது எது, இவ்வளவு போதும். நாலு வருஷம் கழித்து நினைவிலிருந்து எழுத முயன்றால் எல்லாம் "சிறப்பாக நடைபெற்றது" என்றுதான் வரும்.

இயற்கை மன்றமா, புகைப்படக் குழுவா என்று கேட்டால், அவள் படிப்போடு எது கலக்கிறதோ அதை வைத்துக்கொள்ளட்டும். பூச்சியியலுக்குப் பூச்சி சேகரித்துப் பெட்டியில் குத்தி வைக்க வேண்டும், களையியலுக்குக் களைச்செடிகளை உலர்த்தி ஒட்ட வேண்டும், இயற்கை மன்றத்தோடு விடிகாலையில் நடக்கப் போகிறவளுக்கு இந்த இரண்டும் பாதி முடிந்த வேலை. புகைப்படமும் அப்படித்தான், கல்யாண ஆல்பம் மாதிரி நண்பர்களையே எடுத்துக்கொண்டிருந்தால் விட்டுவிடலாம். இலையில் வரும் சத்துக்குறைபாட்டு அறிகுறிகள், குருத்துப்பூச்சி சேதம், இலைப்புள்ளி நோய் என்று தேதியோடு எடுத்துச் சேர்த்தால் அது தேர்வுக்கும் உதவும், பின்னால் விவசாயிகளுக்குக் காட்டவும் உதவும். யூத் ரெட் கிராஸ், ரெட் ரிப்பன் கிளப் போன்றவை ரத்ததான முகாம், விழிப்புணர்வுப் பேரணியோடு முடிந்துவிடும், நேரம் அதிகம் தின்னாது, அவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

என்.சி.சி. எடுக்காமல் என்.எஸ்.எஸ். எடுத்தது தப்பா என்றும் கேட்டிருந்தீர்கள். சீருடைப் பணியில் அவளுக்கு ஆசை இருந்தால் மட்டும் அது இழப்பு. என்.சி.சி. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டப்படிப்பில் 50 சதவீதமும் இருந்தால், ராணுவத்தில் குறுகியகால அதிகாரிப் பணிக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. என்ற ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்கு விண்ணப்பிக்கும் வழி பெண்களுக்கும் இருக்கிறது. உங்கள் மகளோ விதை ஆராய்ச்சி என்று பேசுகிறாள். அவளுக்கு என்.எஸ்.எஸ். போதும்.

இனி ஆபத்து எங்கே என்று சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பயப்படுகிற இடம் வேறு, உண்மையில் வழுக்குகிற இடம் வேறு. மேடையோ நிகழ்ச்சியோ யாரையும் கெடுப்பதில்லை. கெடுப்பது ஓ.டி. என்கிற ஆன் டூட்டி. விழா வேலைக்காக வகுப்புக்கு வராதவர்களுக்கு வருகைப்பதிவு போட்டுவிடுவார்கள், பிள்ளைகளும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். கலைக் கல்லூரியில் அது ஓரளவு உண்மை, தவறவிட்ட பாடத்தைத் தோழியின் நோட்டில் பார்த்துக்கொள்ளலாம். வேளாண்மையில் நாற்று நடவு அன்றைக்கு வயலில் இல்லாதவளுக்கு அந்த நடவு அந்தப் பருவத்தில் திரும்ப வராது. ஒட்டுக்கட்டுவதும் மகரந்தச்சேர்க்கை செய்வதும் கையால் செய்து பார்க்க வேண்டியவை. வருகைப்பதிவேடு சரியாக இருக்கும், கைக்குப் பழக்கம் இருக்காது, செய்முறைத் தேர்வில் அது தெரிந்துவிடும். ஆகவே ஒரே ஒரு கட்டுப்பாடு போடுங்கள்: தியரி வகுப்புக்கு அவசியமானால் ஓ.டி. எடு, வயல் செய்முறைக்கும் ஆய்வகத்துக்கும் எடுக்காதே. இதை மன்றப் பொறுப்பாசிரியரிடம் மகளே சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள், அவர்களும் வேளாண்மை படித்தவர்கள்தானே.

இன்னொரு வழுக்கல் மூன்றாம் ஆண்டில் வரும். நன்றாக வேலை செய்கிற பிள்ளைமேல்தான் எல்லோரும் பொறுப்பைச் சுமத்துவார்கள். செயலாளர், கல்லூரி நாள் விழாக்குழு, விடுதி நாள், அழைப்பிதழ், விருந்தினருக்கு வண்டி, நன்கொடைக்குக் கடை கடையாக ஏறி இறங்குவது, எல்லாம் ஒரே தலையில். அதே ஆண்டில்தான் முதுநிலை நுழைவுத் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் படிப்பை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. என் அபிப்பிராயம், செயலாளர் பதவியைவிடப் பொருளாளர் பதவி நல்லது. மேடையில் பெயர் குறைவாக வரும், ஆனால் வரவு செலவு எழுதி, ரசீது சேர்த்து, மிச்சப் பணத்துக்குக் கணக்குச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, கடைசி ஆண்டில் காளான் வளர்ப்பு, நாற்றங்கால் என்று உற்பத்தி செய்து விற்கும் அனுபவக் கற்றலில் அடக்க விலை போட யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மார்க் விஷயத்தில் எனக்கு ஒரு கோடு உண்டு. ஓ.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி கிரேடு, 10-க்கு 7.5-க்கு மேல் நிற்கிற வரை மன்றங்களைப் பற்றிப் பேசாதீர்கள். அதற்குக் கீழே போனால் ஒன்றை விடச் சொல்லுங்கள், 7-க்கும் கீழே போனால் அடுத்த செமஸ்டர் முழுக்க எல்லாவற்றுக்கும் விடுமுறை. இது விதி ஒன்றும் இல்லை, நான் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கும் கணக்கு. அரியர் விழுந்தால் கணக்கே கிடையாது, அதை முடிக்கிற வரை மன்றம் இல்லை.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், சீனியர்கள் இரவு ஒரு மணி வரை போஸ்டர் எழுத வைக்கிறார்கள் என்று. அந்த வரிதான் என்னை உறுத்துகிறது. விருப்பத்தோடு செய்கிறாளா, முடியாது என்று சொல்ல முடியாமல் செய்கிறாளா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது என்றால் மன்றம் என்ற பெயரில் நடந்தாலும் அது ராகிங்தான். தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்து 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. கல்லூரியில் ராகிங் தடுப்புக் குழு இருக்கும், அங்கே சொல்லத் தயங்கினால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் பேசலாம், பெயரை வெளியிடாமலும் புகார் பதியலாம். ஆனால் கேட்கும்போது பதற்றத்தோடு கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று மறைத்துவிடுவாள், இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான்.

தொலைபேசியில் "படிச்சியா, சாப்பிட்டியா" என்ற இரண்டு கேள்வியோடு நிறுத்தாமல், இந்த வாரம் வயலில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். உங்களுக்கே விவசாயம் இருக்கிறது, அவள் சொல்வதில் தப்பிருந்தால் உங்களுக்குத் தெரியும், அவளும் உங்களிடம் சந்தேகம் கேட்பாள். பதில் தடுமாறினால் வயல் பக்கம் போகவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

கல்லூரிக்கு நேரில் போய்ப் பேசட்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அந்த இரவு வேலை கட்டாயத்தின் பேரில் நடக்கிறது என்று தெரிந்தால் உடனே போங்கள். இல்லையென்றால் இந்த செமஸ்டர் கிரேடு வரட்டும். அதன் பிறகு அவளுடைய ஆலோசக ஆசிரியரிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு, மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். அவள் இல்லாதபோது அவளைப் பற்றிப் பேச வேண்டாம். போகும்போது அந்த நாற்பது பக்க நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், ஆசிரியர் அதைப் புரட்டிப் பார்த்தாலே எந்த மன்றத்தை விடலாம் என்று சொல்லிவிடுவார்.