குதிரைக்கு முடி கொட்டுகிறதே, டாக்டர்?

ஊட்டியில் சவாரிக் குதிரை வைத்திருக்கிறேன். உறைபனி விழும் ஜனவரியிலேயே கொத்துக் கொத்தாக முடி உதிர்கிறது. குளிர் தாங்குமா?

தாங்கும். குதிரையின் உடம்பு குளிரைவிட வெளிச்சத்தைத்தான் கணக்கு வைக்கிறது. டிசம்பர் 22 வாக்கில் பகல் நீளத் தொடங்கும். இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் குறைந்து, முடி உதிர்வைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும். பழைய முடி கழலும். லாயத்தில் இரவு வெகுநேரம் விளக்கு எரிந்தால் இன்னும் முன்னதாகவே உதிரும். முடி விழுந்த இடத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். அடியில் குட்டையான, பளபளப்பான புது முடி இருந்தால் சீப்பும் பிரஷும் போதும்.

கனடாவில் இருக்கிறோம். மகளின் 19 வயதுக் குதிரைக்கு ஜூன் வந்தும் குளிர்கால முடி உதிரவில்லை. சடை போலத் தொங்குகிறது.

உதிர்வதைவிட உதிராததுதான் எனக்குக் கவலை. 15 வயதைத் தாண்டிய குதிரையில் இது பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். குஷிங் நோய் என்பார்கள். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, முதுகுச் சதை வற்றுகிறதா என்று கவனியுங்கள். ரத்தத்தில் ஏசிடிஎச் என்ற பிட்யூட்டரி ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இலையுதிர் காலத்தில் அது இயல்பாகவே கூடும், அதனால் எந்த மாதம் எடுத்தது என்பதையும் சேர்த்துத்தான் முடிவைப் படிக்க வேண்டும். நோய் உறுதியானால், அதைக் கட்டுப்படுத்தும் பெர்கோலைடு மாத்திரை ஆயுள் முழுக்கத் தர வேண்டியிருக்கும். தள்ளிப்போட்டால் குளம்பு அழற்சி வந்து நடையே போய்விடலாம்.

பிடரியும் வாலும் மட்டும் மொட்டையாகின்றன. உடம்பு நன்றாக இருக்கிறது. பச்சைத் தீவனம் தாராளமாகப் போடுகிறேன்.

என்ன பச்சை என்று எழுதவில்லையே! சவுண்டல் தழையாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சூபாபுல் என்பதும் அதுதான். ஆடு மாடு விரும்பித் தின்பதைப் பார்த்துக் குதிரைக்கும் வெட்டிப் போடுகிறார்கள். அதிலுள்ள மிமோசின் என்ற நஞ்சு, முடி வேரைத் தாக்கும். நீண்ட முடிக்குத்தான் முதல் அடி. அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் இந்த நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. குதிரைக்கு அந்த வசதி இல்லை. நிறுத்தினால் முடி திரும்ப வளரும், வால் மட்டும் மாதக்கணக்கில் காக்க வைக்கும். சவுண்டல் கொடுக்கவே இல்லை என்றால் குளம்பைப் பாருங்கள். முடி உதிர்வோடு குளம்பில் குறுக்கு வெடிப்பும் இருந்தால் செலினியம் என்ற தாது மிகுந்திருக்கலாம். தாது உப்புக் கலவையின் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

வட்ட வட்டமாகச் செதில், முடி இல்லை. பருவ உதிர்வுதானே?

இல்லை, பெரும்பாலும் படர்தாமரை. மனிதருக்கும் தொற்றும். கையுறை போடுங்கள், சேணமும் பிரஷும் அந்தக் குதிரைக்குத் தனியாக இருக்கட்டும்.