எல்லாம் அவர் பெயரில் இருந்தால் ஊர் எப்படிப் பழகும்?

கேள்வி: கணவரின் வேலைக்காக பெர்லின் வந்து நான்கு மாதம் ஆகிறது. வந்த புதிதில் ஆர்வமாகத் தனியே கிளம்பினேன். மெஷினில் டிக்கெட் வாங்கித்தான் ரயில் ஏறினேன். சாதாரண உடையில் இருந்த ஒருவர் அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார். அதில் நேரம் பதியவில்லை என்று 60 யூரோ அபராதம் போட்டார். பெட்டியில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அன்றிலிருந்து தனியாக ரயில் ஏறுவதில்லை. பேங்க், போன், தபால், டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை அவரோடு போய்ச் சாமான் வாங்குவதோடு சரி. 31 வயதில் சின்னக் குழந்தை மாதிரி உணர்கிறேன். இந்த ஊரை எப்படிப் பழகுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெர்லின்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அபராதத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். பெர்லின் ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. யார் வேண்டுமானாலும் நேராக நடந்துபோய் ஏறலாம். எப்போதாவது ஒருவர் உள்ளே வந்து டிக்கெட் பார்ப்பார், சில சமயம் சீருடை இல்லாமலும். மெஷினில் வாங்கும் காகித டிக்கெட்டை நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி நேரம் பதிந்துகொண்டுதான் ஏற வேண்டும். பதியாத டிக்கெட்டை நாளைக்கும் பயன்படுத்தலாம் என்பதால் அதை டிக்கெட்டாகவே அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை. புதிதாக வருகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. பணத்தைக் கட்டியாகிவிட்டது என்றால் விஷயம் முடிந்தது. பெட்டியில் இருந்தவர்கள் அடுத்த ஸ்டேஷனிலேயே உங்களை மறந்திருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி: ‘எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார்.’ அவர் அன்பாகத்தான் செய்கிறார், சந்தேகமில்லை. ஆனால் நான்கு மாதமாக அந்த ஊரில் வாழ்வது அவர்தான். நீங்கள் அவரோடு தங்கியிருக்கிறீர்கள். ரயில் பயம் அதில் ஒரு சின்னப் பகுதி.

எனவே ரயிலை விட்டுவிட்டு முதலில் கீழே போய்த் தபால்பெட்டியைப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா? பெர்லின் முகவரிகளில் பெரும்பாலும் வீட்டு எண் வராது, கட்டட எண்ணோடு முடிந்துவிடும். அழைப்பு மணியிலும் தபால்பெட்டியிலும் எழுதியிருக்கும் பெயரை வைத்துத்தான் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிக்கிறார். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவருக்கு அவர் அப்பாவின் பெயர், உங்களுக்கு உங்கள் அப்பாவின் பெயர் என்று இருக்கலாம். பெட்டியில் அவர் பெயர் மட்டும் இருந்தால் உங்களுக்கு வரும் கடிதம் திரும்பிப் போய்விடலாம். அந்த ஊரில் 11 இலக்க வரி எண், இன்சூரன்ஸ் அட்டை, பேங்க் ரகசிய எண் எல்லாம் பெரும்பாலும் தபாலில்தான் வரும். கட்டடத்தை நிர்வகிப்பவர்களிடம் சொல்லிப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஒரு காகிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வரும் கடிதங்களை இனி நீங்களே திறங்கள். புரியாவிட்டால் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். வீட்டு முகவரியைப் பதிவு செய்தபோது (குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டியது, நீங்களும் செய்திருப்பீர்கள்) உங்கள் பெயரிலும் ஒரு சான்றிதழ் கொடுத்திருப்பார்கள். அதைத் தனி ஃபைலில் எடுத்து வையுங்கள். உங்கள் பெயரில் பேங்க் கணக்கு தொடங்க, நூலக அட்டை வாங்க எல்லாம் அது உதவும். ரேடியோ, டிவி கட்டணம் கேட்டு உங்களுக்கும் கடிதம் வந்தால் பதற வேண்டாம், கிழித்துப் போடவும் வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். கணவர் கட்டுகிறார் என்றால் அந்தக் கட்டணத்துக்கான அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பிவிடுங்கள்.

சரி, இப்போது ரயில். நேரம் பதிவது ஒன்றுதான் தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டணத்துக்காக ஊரை ஏ, பி, சி என்று வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ, பி வட்டங்களுக்கான ஒற்றை டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும், ஆனால் ஒரே திசையில்தான். போன வழியே திரும்பி வர அது உதவாது. விமான நிலையம் சி வட்டத்தில் இருக்கிறது. ஏபி டிக்கெட்டோடு அங்கே போனால் மறுபடியும் அதே 60 யூரோ. இதையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு பயணம் செய்வதைவிட ஜெர்மனி முழுவதும் செல்லும் மாத டிக்கெட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒன்று எடுத்துவிடுங்கள். 2023-இல் 49 யூரோவுக்கு ஆரம்பித்தார்கள். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. எஸ்-பான் (நகர ரயில்), ஊ-பான் (சுரங்க ரயில்), டிராம், பஸ், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். வட்டக் கணக்கும் இல்லை, நேரம் பதிவதும் இல்லை. வேலைக்குப் போகாதவருக்கு இது அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மூன்று மாதம் பயம் தெளியும்வரை வைத்திருங்கள். மாதச் சந்தாதான், 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால் அந்த மாதத்தோடு நின்றுவிடும். முக்கியமாக, உங்கள் பெயரில், உங்கள் போனில் எடுங்கள்.

எடுத்த மறுநாளே போய் எஸ்41-இல் ஏறுங்கள். நகரத்தின் மையத்தைச் சுற்றி வட்டமாக ஓடும் ரயில் அது, கடிகார திசையில். எஸ்42 எதிர்த்திசையில். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஏறிய ஸ்டேஷனுக்கே வந்து சேர்வீர்கள். அதில் வழி தவறுவது கஷ்டம். முதல் தடவை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வாருங்கள், போதும். அடுத்த தடவை பிடித்த ஒரு ஸ்டேஷனில் இறங்கி அரை மணி நேரம் நடந்துவிட்டு மறுபடி ஏறுங்கள். டிக்கெட் பரிசோதகர் வந்தால் நல்லதுதான், காட்டிப் பழகலாம். கூடவே அடையாள அட்டையும் இருக்கட்டும்.

நடக்கும்போது ஒரு எச்சரிக்கை. நடைபாதையை ஒட்டிச் சிவப்பாக ஒரு பாதை தெரிந்தால் அது சைக்கிளுக்கானது. அதில் நின்றால் மணி அடிப்பார்கள், சிலர் உரக்கத் திட்டவும் செய்வார்கள். வெளிநாட்டுக்காரி என்று திட்டுகிறார்கள் என எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்லின்காரர்கள் பெர்லின்காரர்களையே அப்படித்தான் திட்டுகிறார்கள்.

சனிக்கிழமைக் கடை விஷயத்தையும் மாற்றுங்கள். ஞாயிறு கடைகள் அடைப்பு என்பதால் ஊரே சனிக்கிழமைதான் கடையில் நிற்கும். கல்லாவில் இருப்பவர் பொருட்களைத் தள்ளும் வேகத்துக்கு அங்கேயே பிறந்தவர்களாலும் ஈடுகொடுக்க முடியாது. வாரநாளில் காலை பத்து மணிக்குப் போங்கள். பணம் கொடுத்ததும் எல்லாவற்றையும் வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஓரமாக நின்று பையில் அடுக்கலாம். காலி பிளாஸ்டிக் பாட்டில்களையும் எடுத்துப் போங்கள். வாங்கும்போது கட்டிய முன்பணம், பொதுவாக ஒரு பாட்டிலுக்கு 25 சென்ட், திரும்பக் கிடைக்கும். மெஷினில் போட வேண்டியதுதான், யாரிடமும் பேச வேண்டாம். ரசீதைக் கல்லாவில் நீட்டினால் கழித்துக்கொள்வார்கள்.

அப்புறம், மொழி. பெர்லினில் 12 மாவட்டங்கள், ஒவ்வொன்றிலும் ‘ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே’ என்று பெரியவர்களுக்கான பொதுக் கல்வி நிலையம் உண்டு. தனியார் வகுப்புகளைவிடக் கட்டணம் பொதுவாகக் குறைவு. ஆன்லைன் வகுப்பு வேண்டாம், நேரில் போகும் காலை வகுப்பாகப் பாருங்கள். வாரத்தில் சில நாள் குறிப்பிட்ட நேரத்துக்குக் கிளம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இப்போது உங்களுக்குத் தேவை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகல் வெளிச்சத்தில் வெளியே போய்வராவிட்டால் மனசு இன்னும் சுருங்கும். பயப்படாமல் தப்பும் தவறுமாகப் பேச வகுப்பைவிட நல்ல இடம் இல்லை. துணைவருக்கான விசாவில் வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. அந்த யோசனை இருந்தால் மொழி இன்னும் அவசரம்.

தமிழ் பேச ஆள் வேண்டும் என்று தோன்றும்போது பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போய்வாருங்கள், ஊ7 சுரங்க ரயில் பாதையில் போகலாம். ஈழத்தமிழர்கள் எழுப்பிய கோயில். அந்த ஊரில் பல வருடம் வாழ்ந்த அக்காமார் யாரேனும் அங்கே பழக்கமானால், எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் கேட்பார்கள் என்பதை இன்டர்நெட்டைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

உங்கள் கணவரிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்தப் பதிலை அவரிடமே காட்டலாம். கவுன்டரில் உங்களிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் வார்த்தை தேடும் அந்தப் பத்து நொடி மௌனத்தை அவர் பொறுத்துக்கொள்ளட்டும். அடுத்த டாக்டர் அப்பாயின்ட்மென்டை நீங்களே போடுங்கள். நிறைய டாக்டர்களிடம் ஆன்லைனிலேயே போடலாம். கிளினிக் மூடிய நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112. இந்த இரண்டு எண்களும் அவர் போனில் மட்டும் இல்லாமல் உங்கள் போனிலும் இருக்கட்டும்.