கட்டுமானத் தளத்து கேமரா: உங்கள் மகள் கேட்பது நல்ல துறைதான்

அம்மா, சிவில் படிக்கும் உங்கள் மகள் தளத்து சிசிடிவி வீடியோவின் தரத்தை வைத்து ப்ராஜெக்ட் செய்கிறேன் என்றதும், "கேமரா பார்த்துக்கொண்டு உட்காரவா இவ்வளவு படிக்க வைத்தேன்?" என்று கலங்கிவிட்டீர்கள். அவள் செய்யப்போவது திரையைப் பார்க்கும் வேலை இல்லை. அந்தத் திரையை நம்பலாமா என்று சொல்லும் வேலை.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஃபுல் எச்டி படத்தின் அகலம் 1920 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் சிறு புள்ளிகள். அதில் 76 மீட்டர் அகலத்தை அடக்கினால் மீட்டருக்கு 25 பிக்சல்தான் கிடைக்கும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்புப்படி அங்கே ஆள் இருப்பதை அறிய அது போதும்; யாரென்று அடையாளம் காண 250 வேண்டும். கால் மீட்டர் அகல ஹெல்மெட் ஆறே பிக்சலாகச் சுருங்கிவிடும். போட்டிருக்கிறாரா இல்லையா என்று மென்பொருள் தடுமாறும். போதாததற்குப் புழுதி, எதிர்வெயில், வெல்டிங் வெளிச்சம், கம்பத்தின் ஆட்டம், சேமிப்பிடத்தை மிச்சம் பிடிக்கக் குறைத்த பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவிடும் தரவின் அளவு).

தரத்தை அளப்பதும் லேசில்லை. படத்தின் தரத்தை எண்ணாகச் சொல்லும் பிஎஸ்என்ஆர், எஸ்எஸ்ஐஎம் போன்ற அளவைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பழுதில்லாத மூலப்படம் வேண்டும். தளத்தில் அது ஏது? மூலம் இல்லாமலே மதிப்பிடும் முறைகளும் இருக்கின்றன; 2012-இல் வந்த பிரிஸ்க் அப்படி ஒன்று. ஆனால் பொதுவான புகைப்படங்களில் பழகியவை புழுதி மண்டிய தளத்துக்கு அப்படியே பொருந்தாது. சாரத்தின் எந்த மூலையில் ஆள் விழுவார், எந்தக் கேமரா எதைக் காட்டியே ஆகவேண்டும் என்பது சிவில் படித்தவளுக்குத்தான் தெரியும். அவளுடைய பலம் இதுதான்.

மேம்படுத்துவதில் முதல் பாடம் லென்ஸைத் துடைப்பது, கோணத்தை மாற்றுவது. மென்பொருள் அதற்குப் பிறகுதான். நிழலில் மங்கியதை ஓரளவு தூக்கிக் காட்டலாம். பதிவாகாததை மீட்க முடியாது. செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கினால் இல்லாத விவரத்தையும் அது வரைந்துவிடக்கூடும். விபத்து விசாரணைக்குப் போகும் படம் என்றால் அது ஒரு தொழிலாளிக்கு அநியாயமாக முடியும். மூலப் பதிவைத் தொடாமல் வைக்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

இந்தப் பெயரிலேயே வேலை விளம்பரம் வரும் என்று காத்திருக்க வேண்டாம். தளப் பாதுகாப்பு, கேமரா அமைப்புத் திட்டம், வீடியோ பகுப்பாய்வு என்று தேடச் சொல்லுங்கள். பைத்தான் நிரல்மொழியும், படங்களை ஆராய உதவும் ஓப்பன்சிவி என்ற மென்பொருள் தொகுப்பும் இப்போதே தொடங்கட்டும். அனுமதி வாங்கி, ஒரே கேமராவின் காலை, நண்பகல், இரவுப் பதிவுகளை எடுத்து, ஹெல்மெட் எந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று முதலில் கையால் குறிக்கட்டும். அந்தத் தாளோடு இருவரும் என்னை வந்து பாருங்கள்.