மூன்றாவது ஆளுக்குச் செலவு செய்வது யார்?

கேள்வி: எதிராளியே காசு கொடுத்து மூன்றாவது வேட்பாளர் ஒருவரை வளர்த்துவிடுகிறார் என்கிறார்கள். கைக்காசைப் போட்டு இன்னொருவருக்கு எவராவது ஓட்டுச் சேர்ப்பாரா? நம்பும்படியாக இல்லையே! (முதல்முறை வாக்களிக்கப்போகும் கல்லூரி மாணவர்)

பதில்: கணக்குத் தெரிந்தவராக இருந்தால் சேர்ப்பார், தம்பி. 'உனக்குப் போடவே மாட்டேன்' என்று நிற்பவரைத் தன் பக்கம் இழுப்பது பெரும்பாடு. அவரை எதிராளிக்கும் போடவிடாமல் வேறு பக்கம் திருப்பிவிடுவது எளிது, செலவும் குறைவு.

2012-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தல். ஜனநாயகக் கட்சியின் ஜான் டெஸ்டருக்கும் குடியரசுக் கட்சியின் டென்னி ரெபெர்க்குக்கும் கடும் இழுபறி. நடுவே, அரசின் தலையீடு குறைய வேண்டும் என்று சொல்லும் சின்னக் கட்சியான லிபர்டேரியன் கட்சியின் டான் காக்ஸ். பிரசாரம் முடியும் தறுவாயில், உண்மையான பழமைவாதி காக்ஸ்தான் என்று டிவியில் விளம்பரம் வருகிறது. பழமைவாதிகள் வழக்கமாகப் போடுவது குடியரசுக் கட்சிக்கு. கொடுத்தது அவருடைய கட்சி இல்லை. டெஸ்டர் ஜெயிக்க வேண்டும் என்று வேலை செய்துகொண்டிருந்த, வேட்டைக்காரர்கள், தூண்டில்காரர்கள் பெயரில் இயங்கிய ஓர் அமைப்பு! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

முடிவு? டெஸ்டர் 48.6 சதவீதம், ரெபெர்க் 44.9, காக்ஸ் 6.6. டெஸ்டர் ஜெயித்த வித்தியாசம் சுமார் 18 ஆயிரம் ஓட்டு. காக்ஸ் வாங்கியது கிட்டத்தட்ட 32 ஆயிரம். காக்ஸ் நிற்காவிட்டால் அத்தனையும் ரெபெர்க்குக்கே விழுந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். சிலர் வாக்குச்சாவடிப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் விளம்பரத்துக்குப் பணம் போட்டவர்கள் எதை நினைத்துப் போட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதில் கட்சி பேதமும் கிடையாது. 2000 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி ஆதரவு அமைப்பு ஒன்று, பசுமைக் கட்சியின் ரால்ஃப் நாடர், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோரைத் தாக்கிப் பேசியதையே எடுத்து விளம்பரமாக ஓட்டியது. நாடரின் கொள்கைமீது அவர்களுக்கு அப்படி ஒரு திடீர்க் காதல்!

கேள்வி: ஒரே பெயரில் நாலைந்து சுயேச்சைகள் நிற்பதும் இதே வேலைதானா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: இது அதைவிட மட்டம், அம்மா. காக்ஸுக்குப் போட்டவர் யாருக்குப் போடுகிறோம் என்று தெரிந்தே போட்டார். இங்கே வாக்காளரின் கண்ணையே ஏமாற்றுகிறார்கள்.

2004-இல் ஆலப்புழை மக்களவைத் தொகுதியில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். அதே தேர்தலில் சுயேச்சையாக நின்ற இன்னொரு சுதீரன் வாங்கியது 8 ஆயிரத்துக்கும் மேல். 2020-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநில செனட்டின் 37-ஆம் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் ஹோசே ஹாவியர் ரோட்ரிகஸ் 32 ஓட்டில் பதவி இழந்தார். பிரசாரமே செய்யாத இன்னொரு ரோட்ரிகஸுக்கு 6 ஆயிரத்துக்கும் மேல் விழுந்திருந்தது. அவரைப் பணம் கொடுத்து நிறுத்தியவர், குடியரசுக் கட்சியின் முன்னாள் மாநில செனட்டர் ஃபிராங்க் ஆர்டிலஸ். 2024-இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஆனால் பதவி போனது போனதுதான்.

நம் நாட்டில் 2015 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் படமும் இருக்கிறது. இருந்தும் 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் களத்தில்.

டம்மி வேட்பாளரால் இன்னொரு லாபமும் உண்டு. அவர் பெயரில் பூத் ஏஜென்ட் போடலாம், வண்டிக்கு அனுமதி வாங்கலாம். வேலை நடப்பது வேறொருவருக்கு. வாக்கு எண்ணும் கூடத்தில் நான் ஏஜென்டாக உட்கார்ந்திருந்தபோது, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் என் அருகில் ஒரு சுயேச்சையின் ஏஜென்ட். ரவுண்டு ரவுண்டாகச் சிரத்தையாக எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். இரண்டு பெரிய கட்சிகளுக்குத்தான் கட்டம் போட்டிருந்தார். அவருடைய வேட்பாளருக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி குற்றமா? (கடை நடத்துபவர்)

பதில்: ஒருவரைப் புகழ்வது குற்றமில்லை, உள்நோக்கம் எதுவானாலும். ஆனால் காசு கொடுத்து ஒருவரை நிற்கவைப்பதும், நிற்காமல் தடுப்பதும், வாபஸ் வாங்கவைப்பதும் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவுப்படி ஊழல் நடவடிக்கை. நிரூபித்தால் தேர்தலே செல்லாது. நிரூபிப்பதுதான் கஷ்டம், இப்படிப்பட்ட காசுக்கு யார் ரசீது கொடுக்கிறார்கள்?

கேள்வி: ஒரு சின்னக் கட்சிக்குத்தான் எப்போதும் ஓட்டுப் போடுகிறேன். வீட்டில் எல்லோரும் 'நீ பி டீம்' என்று திட்டுகிறார்கள். நான் செய்வது தப்பா? (இல்லத்தரசி)

பதில்: தப்பே இல்லை. திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: உங்கள் ஓட்டு அவர்களிடமிருந்து 'பிரிந்த' ஓட்டு அல்ல. அது அவர்களிடம் இருந்ததே இல்லை. முன்பு சொன்ன 2000 அதிபர் தேர்தலில், முடிவைத் தீர்மானித்த ஃப்ளோரிடாவில் நாடருக்கு 97,488 பேர் போட்டார்கள். அங்கே குடியரசுக் கட்சியின் புஷ் ஜெயித்தது 537 ஓட்டில். அதற்காக நாடரை இன்றுவரை திட்டுகிறார்கள். அந்த 97 ஆயிரம் பேரில் ஒரு ஆயிரம் பேரைத் தன் பக்கம் கொண்டுவர முடியாத அல் கோரை யாரும் அவ்வளவாகத் திட்டக் காணோம்.

அதிக ஓட்டு வாங்கியவருக்கே வெற்றி, பாதிகூட வேண்டாம் என்கிற விதிதான் இந்த வியாபாரத்துக்கு மூலதனம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2010-இல் ஒருவர் 38 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் ஆளுநரானார். பிறகு அங்கே 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறையை மக்களே 2016-இல் கொண்டுவந்தார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், பின்தங்கியவர்களை நீக்கி, அவர்களுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில், அங்கே முதல் சுற்றில் பின்தங்கியிருந்த ஜாரெட் கோல்டன், இரண்டு சுயேச்சைகளுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பங்களை எண்ணியதும் ஜெயித்தார். இந்த முறையில் மூன்றாமவருக்கு விளம்பரம் கொடுத்து எதிராளியைக் கவிழ்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

நம் மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் அந்த முறை இல்லை. அதனால் நீங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் சின்னக் கட்சிக்குக் கடைசி வாரத்தில் திடீரென்று பளபளப்பான நோட்டீஸ் வந்தால், கீழே பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருக்க வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால், அதை அச்சடிக்கச் சொன்னது யார் என்று உங்கள் வேட்பாளரையே கேளுங்கள்.