காலைல வயித்து வலி, லீவு நாள்ல ஒண்ணுமில்ல: 11 வயசுப் பொண்ணு நடிக்கிறாளா?

கேள்வி: என் பொண்ணுக்கு 11 வயசு. ஸ்கூல் இருக்கிற நாள்ல எழுந்ததும் வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்கறா, லீவு நாள்ல வலியே வர்றதில்ல. ரூமுக்குள்ள போய் கதவை சாத்திக்கறா, ஏதாவது கேட்டா எரிஞ்சு விழறா. ராத்திரி தூங்க 11 மணி ஆகுது, காலைல 6 மணிக்கு எழுப்பணும். கொஞ்சம் குண்டாயிட்டா, அவங்கப்பா அதை வெச்சு கிண்டல் பண்றார். இது அடமா, நடிப்பா, இல்ல டாக்டர்கிட்ட போகணுமா?

பதில்: நடிப்பு இல்லைங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். பயமோ டென்ஷனோ வந்தா மூளைல இருந்து குடலுக்குப் போற நரம்பு வழியா குடலோட அசைவே மாறும், சாதாரணமா தெரியாத இழுப்பு கூட வலியா தெரியும், அதனால அவளுக்கு வலிக்கறது நெஜமாவே வலிக்குது. லீவு நாள்ல வலி இல்லைங்கறத நீங்க பொய்க்கு சாட்சியா பாக்கறீங்க, நான் அதை ஸ்கூல்ல ஏதோ ஒண்ணு இருக்குன்னு காட்டற க்ளூவா பாக்கறேன்.

அதுக்காக எல்லாத்தையும் மனசு மேல போட்டுட்டு சும்மா இருக்கவும் கூடாது. தூக்கத்துல இருந்தே எழுப்பற வலி, தொப்புளைச் சுத்தி இல்லாம வலது பக்கம் கீழ ஒரே இடத்துல வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஜுரம், மலத்துல ரத்தம், வெயிட் குறையறது, இதுல எது இருந்தாலும் உடனே டாக்டர். எதுவும் இல்லைன்னாலும் ஒரு தடவை காட்டிடுங்க, ஏன்னா இந்த வயசுல வயித்து வலிக்கு ரொம்ப சாதாரணமான காரணம் மலச்சிக்கல். அதுக்குப் பின்னாடி பல நேரம் ஸ்கூல் டாய்லெட் இருக்கும். தாழ்ப்பாள் சரியில்ல, தண்ணி வரல, வெளிய நிக்கற பசங்க கதவைத் தட்டறாங்கன்னு நாள் பூரா அடக்கிட்டே இருப்பாங்க, போக வேண்டி வருமேன்னு தண்ணியே குடிக்க மாட்டாங்க. சாயங்காலம் வாட்டர் பாட்டில் அப்படியே ரொம்பி திரும்பி வருதான்னு பாருங்க. ஸ்கூல்ல இருக்கும்போது பீரியட்ஸ் வந்துடுமோன்னு ஒரு பயமும் இருக்கலாம், அதை அவளா வாய் திறந்து சொல்ல மாட்டா. ஒரு பேடும் மாத்து உள்ளாடையும் சின்ன பையில போட்டு ஸ்கூல் பேக்ல வெச்சு, வந்தா யார்கிட்ட போகணும்னு சொல்லிக் குடுத்துட்டா பாதி பாரம் இறங்கிடும்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். பெண் குழந்தைகளுக்கு 8ல இருந்து 13 வயசுக்குள்ள எப்ப வேணா மார்பு வளர்ச்சி ஆரம்பிக்கலாம், அதுல இருந்து சுமாரா ரெண்டு ரெண்டரை வருஷத்துல பீரியட்ஸ் வரும். முதல்ல ஒரு பக்கம் மட்டும் சட்டை பட்டன் மாதிரி கெட்டியா ஒண்ணு தென்படும், தொட்டா வலிக்கும், அதைப் பாத்துட்டு கட்டின்னு பயந்து ஓடி வர்ற அம்மாக்கள் நிறைய. பயப்பட ஒண்ணுமில்ல, இன்னொரு பக்கமும் பின்னாடியே வரும். உயரம் வேகமா ஏறப் போற நேரத்துல வெயிட் கொஞ்சம் முன்னாடியே கூடறதும் சகஜம்தான். டாக்டர் க்ரோத் சார்ட்ல (வயசுக்கேத்த உயரம், வெயிட் காட்டற அட்டவணை) போட்டுப் பாத்து அதிகம்னு சொன்னாதான் அதிகம், நம்ம கண்ணு சொல்றது கணக்குல வராது. அதனால அவங்கப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க, உடம்பைப் பத்தின கிண்டல் இனிமே வேண்டாம், பாசமா சொன்னாலும் வேண்டாம். சாப்பாட்டை ரகசியமா குறைக்கற பழக்கம் இந்த மாதிரி கேலியில இருந்துதான் பல வீட்டுல ஆரம்பிக்குது. ஆடிட்டு இருந்த விளையாட்டை திடீர்னு விட்டுட்டாளா? ஓடும்போது மார்பு வலிக்குது, எல்லாரும் பாக்கறாங்கங்கற கூச்சமா கூட இருக்கும். சரியான சைஸ்ல ஒரு ஸ்போர்ட்ஸ் ப்ரா வாங்கிக் குடுத்துப் பாருங்க. தினமும் 60 நிமிஷம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது டான்ஸா இருந்தாலும் சைக்கிளா இருந்தாலும் சரி.

எரிஞ்சு விழறதுக்கு நான் முதல்ல சந்தேகப்படறது தூக்கத்தை. 11 மணிக்கு தூங்கி 6 மணிக்கு எழுந்தா 7 மணி நேரம், இந்த வயசுக்கு வேண்டியது 9ல இருந்து 12. தினமும் குறைஞ்சது 2 மணி நேரம் கடன்ல ஓடற ஆளு சிரிச்சுப் பேசுவாளா சொல்லுங்க. பருவ வயசுல தூக்க ஹார்மோனே லேட்டாதான் சுரக்கும், அதனால சீக்கிரம் படுன்னு கத்தி பிரயோஜனமில்ல. படுக்கற நேரத்தை சில நாளுக்கு ஒருக்கா 15 நிமிஷம் முன்னாடி நகர்த்துங்க, ராத்திரி எல்லா ஃபோனும் ஹால்ல சார்ஜ் ஆகட்டும், உங்க ஃபோனும் சேர்த்துதான், இல்லைன்னா இது ஓடாது.

ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு எதிர்ல உக்கார வெச்சு விசாரிக்காதீங்க. துணி மடிக்கும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ "ஸ்கூல்ல எந்த நேரம்டா ரொம்ப கஷ்டமா இருக்கு, பஸ்லயா, ப்ரேக்லயா, க்ளாஸ்லயா?"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கோங்க, பதில் ரெண்டு நாள் கழிச்சு கூட வரும். வந்ததும் டீச்சருக்கு ஃபோன் போட ஓடாம, "நீ சொல்றதை நான் சும்மா காது குடுத்துக் கேட்டா போதுமா, ஏதாவது செய்யணுமா?"ன்னு கேளுங்க. யாராவது அடிக்கறாங்க, தப்பா தொடறாங்க, மிரட்டறாங்கன்னா மட்டும் ரகசியமா வெச்சுக்கறேன்னு சத்தியம் பண்ணாதீங்க, அங்க பெரியவங்க இறங்கித்தான் ஆகணும். அப்படி ஆபத்து எதுவும் இல்லைன்னா வலி இருந்தாலும் முடிஞ்ச வரைக்கும் ஸ்கூலுக்கு அனுப்புங்க, வீட்டுல இருக்கற நாள் கூடக் கூட திரும்பப் போறது இன்னும் கஷ்டமாயிடும்.

கதவு சாத்தறது இந்த வயசுக்கு உள்ளதுதான், தட்டிட்டு உள்ள போங்க. சாப்பிட வர்றா, ஃப்ரெண்டுகூட பேசி சிரிக்கறான்னா விட்டுடலாம். ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் ஆசையில்ல, ஃப்ரெண்டையும் ஒதுக்கறா, சரியா சாப்பிடலைன்னா மனநல டாக்டரையோ கவுன்சிலரையோ பாருங்க. நான் இல்லாமலே இருந்திருக்கலாம்னு பேசினாலோ, கையில கீறல் தெரிஞ்சாலோ அன்னிக்கே போகணும். சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது.

உடனே டாக்டர்னு மேல சொன்ன எதுவும் இல்லைன்னா, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வலி வந்த நாள், நேரம், மலம் போனாளா, எத்தனை மணிக்கு தூங்கினான்னு ஒரு பேப்பர்ல குறிச்சு எடுத்துட்டுப் போங்க. கர்ப்பப்பை வாய் புற்றுநோயைத் தடுக்கற ஹெச்பிவி தடுப்பூசி பத்தியும் அப்படியே கேட்டுடுங்க, 9ல இருந்து 14 வயசுதான் அதுக்கு முக்கியமான வயசு. செக்கப் முடிஞ்சதும் நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய உக்காருங்க, அவளே டாக்டர்கிட்ட பேசட்டும், உங்ககிட்ட சொல்லாதது அங்க வரலாம்.