கடி (அரிப்பு) இருக்கிறதா, இல்லையா? வன்னியில் காணும் தோல் நோய்கள் பற்றிய கேள்வி பதில்

காலபோக மழை தொடங்கி வயல்களில் தண்ணீர் கட்டி நிற்கும் மாதங்களில், தோல் நோய் பற்றிய கேள்விகள் எனக்கு அதிகமாக வருகின்றன. வன்னியின் கிராமிய வைத்தியசாலைகளில் நீண்ட காலம் உதவி வைத்தியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊர்களை மட்டும் குறித்துப் பதில் எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டான், ஒரு தாய்: ஐயா, என்னுடைய மூன்று பிள்ளைகளுக்கும் இரவில் கடி தாங்க முடியவில்லை. விரல் இடுக்கிலும் வயிற்றிலும் சிறு பருக்கள் உள்ளன. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியும் குறையவில்லை. வீட்டு நாய்க்கும் சொறி இருக்கிறது. அதிலிருந்துதான் தொற்றியதா?

பிள்ளை, ஒரே வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு இரவில் கடி கூடுகிறது என்றால், முதலில் சிரங்கு என்றே எண்ண வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒன்று தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது இது. நாயின் உண்ணி வேறு இனம். அது மனிதத் தோலில் சில நாட்கள் கடியை உண்டாக்கும், ஆனால் அங்கே பெருகாது. நாய்க்கு வைத்தியம் செய்யுங்கள், பழியை அதன்மேல் போடாதீர்கள்.

ஐந்து சதவீதப் பெர்மெத்திரின் களிம்பை, கடி இல்லாதவர்கள் உட்பட வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கையும் விடாமல் பூசி, மறுநாள் காலையில் குளிக்க வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வைத்தியரைக் கேட்டே பூசுங்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை பூச வேண்டும். உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் உண்ணி உணவின்றி இறந்துவிடும். உண்ணி இறந்த பின்னும் இரண்டு, மூன்று வாரங்கள் கடி நீடிக்கக்கூடும் என்பதால், மருந்து பலிக்கவில்லை என்று எண்ணி நாள்தோறும் பூசிப் புண்ணாக்கிவிடாதீர்கள். சொறிந்த இடத்தில் சீழ் கட்டிய பிள்ளைக்குப் பின்னர் முகம் வீங்கினாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, அது சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அறிகுறி. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

மாங்குளம், ஓர் இளைஞர்: தொடை இடுக்கில் வட்டமாகப் படை வந்தது. பாமசியில் தந்த களிம்பைப் பூசினால் இரண்டு நாளில் அடங்குகிறது. விட்டவுடன் முன்னையதைவிடப் பெரிதாகப் படர்கிறது.

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஓரம் தடித்து, நடு வெளிறி, வளையமாகப் படர்வது படர்தாமரை. அது பூஞ்சணத்தால் வருவது. நீங்கள் பூசியதில் பெரும்பாலும் பீற்றாமெதசோன் அல்லது குளோபெற்றாசோல் போன்ற ஸ்ரெரொயிட் மருந்து கலந்திருக்கும். அது சிவப்பையும் கடியையும் அடக்கும், பூஞ்சணத்தைக் கொல்லாது. உடலின் எதிர்ப்பு அடங்கிய இடத்தில் பூஞ்சணம் தடையின்றிப் பரவும். வளைய வடிவமும் கலைந்துவிடுவதால் அனுபவமுள்ள வைத்தியருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடும். மாதக்கணக்கில் பூசியவர்களின் தொடையில் தோல் மெலிந்து, வாழ்நாள் முழுவதும் மறையாத வரிகள் விழுந்ததைக் கண்டிருக்கிறேன். ரியூப்பின் மேல் எழுதியிருப்பதை வாசிக்காமல் எந்தக் களிம்பையும் பூசக்கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன்.

அதை நிறுத்துங்கள். நிறுத்திய முதல் வாரம் சிவப்புக் கூடும், பயப்பட வேண்டாம். குளொற்றிமசோல் மட்டுமே உள்ள களிம்பைக் காலையும் மாலையும், படையின் விளிம்புக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை பூசி, தோல் தெளிந்த பின்னும் இரண்டு வாரம் தொடருங்கள். உங்களுடையது ஏற்கெனவே படர்ந்திருப்பதால் குளிசையும் தேவைப்படலாம். அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். ஈரச் சாரத்தோடு இருப்பதையும் ஒரே துவாயை வீட்டில் பலர் பாவிப்பதையும் நிறுத்தாவிட்டால் எந்த மருந்தும் நிலைக்காது.

துணுக்காய், ஓர் ஆசிரியை: மாணவர் சிலரின் கன்னத்தில் வெளிறிய திட்டுகள் உள்ளன. ஒரு மாணவனின் தந்தைக்கு முதுகில் தேமல். தொழுநோயாக இருக்குமோ என்று மற்றப் பெற்றோர் அஞ்சுகின்றனர்.

சிறுவர் கன்னத்தில் வரும், மெல்லிய செதிலுள்ள வெளிறிய திட்டு பெரும்பாலும் தோல் வறட்சியால் வருவது. குடற்புழுவால் வருகிறது என்பது பழைய நம்பிக்கை மட்டுமே. தேங்காய் எண்ணெய் பூசி வந்தால் சில மாதங்களில் நிறம் திரும்பும். தந்தையின் தேமல் வியர்வையில் பெருகும் ஒருவகைப் பூஞ்சணம். கீற்றோகொனசோல் சம்பூவை முதுகில் பூசி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவலாம். பூஞ்சணம் இறந்த பின்னும் வெள்ளை மறையப் பல மாதங்கள் ஆகும்.

தொழுநோய்த் திட்டின் இயல்பு வேறு. அதில் கடி இருக்காது. பல வேளைகளில் தொடு உணர்ச்சி குறைந்திருக்கும், வியர்க்காது, மயிர் உதிர்ந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் திட்டையும் அருகிலுள்ள தோலையும் தொட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் தாமதிக்காமல் தோல் நோய்க் கிளினிக்குக்கு அனுப்புங்கள். உணர்ச்சி சரியாக இருந்தாலும் திட்டு மாறாமல் நின்றால் காட்டுவதே நல்லது. 1708இல் ஒல்லாந்தர் கொழும்புக்கு அருகே கெந்தளையில் தொழுநோய் மருத்துவமனை கட்டிய காலத்தில் நோயாளரை ஒதுக்கி வைப்பதைத் தவிர வழியிருக்கவில்லை. மட்டக்களப்பில் தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த மாந்தீவும் அந்த அச்சத்தின் எச்சமே. இன்று ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ கூட்டு மருந்து எடுத்தால் நோய் குணமாகும், மருந்தும் இலவசம். சிகிச்சை தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடும். ஆகவே எந்தப் பிள்ளையையும் வகுப்பிலிருந்து விலக்கக் காரணமில்லை.

நெடுங்கேணி, ஒரு விவசாயி: முழங்கைக்குக் கீழே ஒரு பரு வந்து நான்கு மாதம். நோவும் இல்லை, கடியும் இல்லை. இப்போது நடுவில் குழி விழுந்து பொருக்குக் கட்டியிருக்கிறது.

நோவாத புண்ணை நம் ஆட்கள் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ அதுதான் கவலை தருகிறது. காட்டோரம் வேலை செய்பவருக்கு, உடுப்பு மறைக்காத இடத்தில் இப்படி வந்தால் லீஷ்மேனியா நோயைச் சந்தேகிக்க வேண்டும். மாலையிலும் இரவிலும் கடிக்கும் மணல் ஈ இதைப் பரப்புகிறது. நுளம்பைவிடச் சிறியதாகையால் வலைக் கண்ணிக்குள்ளும் நுழையும். புற்றிலும், எரு குவிந்த ஈர நிலத்திலும் வாழும். இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் அறியப்பட்டார். அதன்பின் உலர் வலயத்தில் இது பரவலாகக் காணப்படுகிறது. புண்ணின் ஓரத்திலிருந்து சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்து உறுதி செய்வார்கள். புண்ணைச் சுற்றி ஊசி போடுவதோ, திரவ நைதரசனால் உறையச் செய்வதோ சிகிச்சை. பல வாரங்கள் போக வேண்டியிருக்கும், நடுவில் விட்டுவிடாதீர்கள். சுண்ணாம்பு வைத்துச் சுடுவதால் பெரிய தழும்புதான் மிஞ்சும்.

செட்டிகுளம், ஒரு பேரன்: அம்மம்மாவுக்கு விலாவின் ஒரு பக்கம் மட்டும் எரிவோடு கொப்புளங்கள். அக்கி எழுதினால் போதும் என்கிறார். எனக்கும் போன மாதம் கழுத்தில் ஒரே இரவில் கொப்புளம் வந்து மாறியது. அதுவும் அக்கியா?

அம்மம்மாவுக்கு வந்தது அக்கிதான். முன்பு கொப்புளிப்பான் வந்தபோது நரம்பின் வேரில் பதுங்கிய வைரசு, வயதில் மீண்டும் எழுகிறது. காவியால் எழுதுவது அவருக்கு மனஆறுதல் தந்தால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலத்துக்குள் அசைக்குளோவிர் குளிசை தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். எழுதுபவரைத் தேடி அந்த மூன்று நாட்களையும் கழித்துவிட்டால், புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நரம்பு எரிவு நீடிக்கலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து. கொப்புளிப்பான் வராத சிறுவரையும் கர்ப்பிணிகளையும் அருகில் விடாதீர்கள்.

உங்களுக்கு வந்தது வேறாக இருக்கலாம். மழைக்குப் பின் வயற்பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வரும், செம்மஞ்சளும் கறுப்புமான ஒரு சிறு வண்டு உண்டு. அது கடிப்பதில்லை, உடலில் ஊர்வதை நசுக்கும்போது அதன் நீர் தோலைச் சுட்டுவிடும். கை இழுத்த கோட்டிலேயே கொப்புளம் நிற்பது அதன் அடையாளம். நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கழுவும் வரை அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள்.